நைட் பாஸ், ஆறு மாதம்: வேளச்சேரியில் ஒரு ராத்திரி மேசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இடத்துக்கு ஐந்துக்கு மூன்றரை மார்க். அந்த ஒன்றரை எங்கே போனது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். இடத்தின் பெயரைப் போடவில்லை. இன்னும் அங்கேதான் போய் உட்காருகிறேன், குறை சொல்லிவிட்டு மறுநாள் அதே மேனேஜர் முகத்தில் முழிக்க வேண்டும். சென்னையில் வேளச்சேரிப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கீழே ஒரு டைல்ஸ் கடை, மேலே இரண்டு மாடிக்கு கோ-வொர்க்கிங், அதாவது யார் வேண்டுமானாலும் மேசையை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கும் பொது ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஸ்டார்ட்அப் பையன்கள் கூட்டம். ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மட்டும் செல்லும்படி ‘நைட் பாஸ்’ என்று ஒன்று தருகிறார்கள். மாதம் 4,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 5,310 ரூபாய். பகல் சீட்டுக்குக் கேட்கும் பணத்தில் பாதிகூட இல்லை. ஒரு மேசை, நாற்காலி, வைஃபை, மெஷின் டீ, அப்புறம் ‘ரெஸ்ட் ரூம்’ என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு தூக்க அறை. ரெஸ்ட் ரூம் என்றதும் நான் பாத்ரூமைத்தான் நினைத்தேன். பாத்ரூமுக்குச் சாவி வாட்ச்மேனிடம் இருந்தது, அந்தக் கதை பின்னால்.

நான் சப்டைட்டில் போடுகிறவள். கம்பெனி எதுவும் இல்லை, சொந்தமாக. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரண்டு கிளையன்ட், டொரண்டோவில் ஒன்று. கல்லூரி வகுப்புகள், கம்பெனிகளின் ட்ரெய்னிங் வீடியோக்கள், இந்த மாதிரி யாரும் ரசித்துப் பார்க்காத, ஆனால் காது கேளாதவர்களுக்காகக் கட்டாயம் கீழே எழுத்து ஓட வேண்டிய சமாச்சாரங்கள். அவர்களுக்குச் சாயங்காலம் 5 மணி ஆவதற்குள் ஃபைல் போய்ச் சேர வேண்டும். நமக்கு அது ராத்திரி இரண்டரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தபின் மூன்றரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடியும் இரண்டரை. என் வீட்டுக் கடிகாரம் அதன்பாட்டுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், எங்கேயோ யாரோ முள்ளைத் திருகியதற்கு என் தூக்கம் இடம் மாறும்.

வீட்டிலேயே செய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரு பெட்ரூம், ஒரு ஹால். பெட்ரூமில் கணவரும் நாலாவது படிக்கும் மகளும், ஹாலில் மாமியார். எனக்கு மிஞ்சியது சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். விளக்கைப் போட்டால் மாமியாருக்குத் தூக்கம் வராது, போடாவிட்டால் எனக்கு வரும். இரண்டரைக்கு ஃபைலை அனுப்பிவிட்டுப் படுத்தால் ஆறு மணிக்கு டிபன் பாக்ஸ். மூன்றரை மணி நேரத் தூக்கம், மிச்சத்தைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. பகலில் எங்கே பார்ப்பது? வீட்டில் இருப்பவள் பகலில் படுத்தால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தூக்கம் இல்லை, மூதேவி. கணவர் முன்பு நைட் ஷிஃப்ட் பார்த்த காலத்தில் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும், குக்கர்கூட அவர் எழுந்த பிறகுதான் விசில் அடிக்கும். அதே ராத்திரி, அதே அமெரிக்கா. அவர் கழுத்தில் ஐடி கார்டு இருந்தது, என் கழுத்தில் ஹெட்போன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இடத்துக்கு வருகிறேன். ஜூலையில் சேர்ந்தேன். நாற்காலி நல்ல நாற்காலி, இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, முதுகுக்குத் தாங்கல் இருக்கிறது, கைப்பிடி ஆடுவதில்லை. மேசை அகலம், இரண்டு மானிட்டர் வைக்கலாம். நெட் வேகம் போதும், ஆறு மாதத்தில் இரண்டு முறைதான் படுத்தது. கரண்ட் போனால் யுபிஎஸ் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்குள் கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். ஏசி 20-ல் நிற்கும், ரிமோட் மேனேஜர் டிராயரில், டிராயர் பூட்டில், மேனேஜர் வீட்டில். சால்வை இல்லாமல் போகாதீர்கள்.

ஆனால் விளக்கு. கரண்ட் மிச்சம் பிடிக்க ஹால் முழுவதும் ஆளசைவைப் பார்த்து எரியும் சென்சார் விளக்கு போட்டிருக்கிறார்கள். பகலில் பையன்கள் நடந்துகொண்டே போன் பேசுவார்கள், அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி மூன்று மணிக்கு ஆறேழு பேர் அவரவர் திரைக்கு முன்னால் சிலையாக உட்கார்ந்திருப்போம், சப்டைட்டில் வேலையில் இரண்டு விரல்தான் அசையும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஹால் ‘டப்’ என்று இருண்டுவிடும். உடனே ஆளாளுக்குக் கையைத் தூக்கி ஆட்டுவோம். ரயில் கிளம்பும்போது பிளாட்ஃபாரத்தில் நின்று டாட்டா காட்டுகிற மாதிரி. முதல் வாரம் சிரிப்பு வந்தது, இரண்டாம் வாரம் எரிச்சல், இப்போதெல்லாம் தலையைத் தூக்காமலே இடது கை தானாகப் போகிறது, வீட்டில் கரண்ட் போனாலும் போகிறது. பாத்ரூமிலும் இதே சென்சார்தான் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அந்தச் சாவிக் கதை. பெண்கள் பாத்ரூமை ராத்திரியில் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்திருந்தார்கள், பாதுகாப்புக்காம். நான் சேர்ந்த புதிதில், நாலேகால் இருக்கும், கீழே போய்ப் பார்த்தால் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து தூங்குகிறார், சாவிக்கொத்து அவர் பெல்ட்டில். “அண்ணே, அண்ணே” என்று நான் கூப்பிட, தெரு நாய்தான் முதலில் எழுந்தது. அவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம், விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில்தான் மனுஷ உடம்பின் சூடு இருபத்துநாலு மணி நேரத்தில் ஆகக் கீழே இறங்கும், அந்த நேரத்தில் தூக்கம் கேட்டுக்கொண்டு வராது. மேனேஜரிடம் சொன்னேன். இப்போது சாவி மேலே ஆணியில் தொங்குகிறது. இதற்குக் கால் மார்க் திருப்பிக் கொடுத்தேன்.

இனி தூக்கம். மேசைக்காக மட்டும் நான் பாஸ் வாங்கவில்லை. சொந்தமாக வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும்: நேரம் நம் கையில்தானே இருக்கிறது, தூக்கத்தை நம் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டினால் என்ன? ஆறு மாதத்தில் மூன்று விதமாக வெட்டிப் பார்த்தேன். இந்த இடம் எதற்கு ஒத்துழைத்தது, எதற்குக் காலை வாரியது என்பதுதான் இந்த ரிவ்யூவின் சாரம்.

ஜூலை முழுக்க நேர் தலைகீழ். ராத்திரி முழுக்க வேலை, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஒன்பதுக்குப் படுத்து மூன்றுக்கு எழுவது. கணக்குப்படி ஆறு மணி நேரம். நடந்தது வேறு. ஒன்பதரைக்குக் கீரைக்காரம்மா, பத்தரைக்கு கூரியர், பதினொன்றுக்கு கேஸ் சிலிண்டர், பன்னிரண்டுக்கு மாடி வீட்டுக் கிரைண்டர், அப்புறம் ‘லோன் வேணுமா மேடம்’. இது வெளியே. உடம்புக்குள்ளேயே இன்னொரு தடங்கல் இருந்தது. அந்த ஹாலில் ஜன்னலே கிடையாது, சுற்றிலும் பிளைவுட், வெளியே இரவா பகலா என்று தெரியாது. அதனால் உடம்பை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஏமாறவில்லை. 1729-ல் தெ மெரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறைக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார், வெயிலே படாமலும் அது பகலில் இலையை விரித்து ராத்திரியில் மூடிக்கொண்டிருந்ததாம். நம் ஊர் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்துக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பிளைவுட் அறைக்குள் உட்கார்ந்த நானும் அந்தச் செடிதான். மூன்றரைக்கு இலை மூடத் தொடங்கும், காலை ஒன்பதுக்குப் படுக்கும்போது விரிந்துவிடும்.

இதற்கு மருந்து சொன்னது வாட்ச்மேன் அண்ணன். பல வருஷமாக நைட் டியூட்டி பார்க்கிறவர். “வெயில் மூஞ்சில படாம வீட்டுக்குப் போய்டணும்மா, பட்டுச்சுன்னா அன்னிக்குத் தூக்கம் கோவிந்தா” என்றார். அவர் டியூட்டி முடிந்ததும் துண்டைத் தலையோடு சேர்த்துக் கண்புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டுதான் சைக்கிளை எடுப்பார், நான் குளிருக்காக என்று நினைத்திருந்தேன். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உள்ளே இருக்கும் கடிகாரம் ‘விடிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான் தூக்க ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள், நைட் ஷிஃப்ட்காரர்களைக் கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். ஹெல்மெட்டுக்குக் கறுப்பு வைசர் மாற்றினேன். விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு மட்டும்தான் அதை இறக்குவேன், இருட்டில் அதோடு வண்டி ஓட்டுவது ஆபத்து. 5,310 ரூபாயில் எனக்குக் கிடைத்த மிக உபயோகமான சமாச்சாரம் இதுதான், அது பாஸில் எழுதியிருக்கவில்லை.

ஆகஸ்டில் புத்தி கெட்டுப் போய் ‘பாலிஃபேசிக்’ பக்கம் போனேன். தூக்கத்தை ஒரே மொத்தமாக இல்லாமல் துண்டு துண்டாக எடுப்பது. இதில் தீவிரவாதிகள் இருக்கிறார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 20 நிமிஷம், ஆக ஆறு தடவை, நாளுக்கு மொத்தமே இரண்டு மணி நேரம்தான் தூக்கம் என்று ஒரு அட்டவணை உண்டு, அதற்கு ‘ஊபர்மேன்’ என்று பெயர் வேறு. குழந்தை வைத்திருப்பவளுக்கு அதெல்லாம் கனவு, அதுவும் தூங்கினால்தானே வரும். நான் எடுத்தது கொஞ்சம் மிதமானது, ‘எவ்ரிமேன்’ என்பார்கள்: பகலில் மூன்றரை மணி நேரம் ஒரே மூச்சில், அதுபோக 20 நிமிஷத் துண்டுகள் மூன்று. அதில் இரண்டு துண்டுக்கு அந்தத் தூக்க அறை.

அந்த அறையைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் விளம்பரத்தில் அதைத்தான் முதலில் போடுகிறார்கள். எட்டுக்குப் பத்து அடி. இரண்டு அடுக்குக் கட்டில், ரயிலில் வருவது மாதிரி நீல ரெக்ஸின். குட்டையான உறை போட்ட தலையணை, அதன் மேல் யாரோ தேய்த்த தேங்காய் எண்ணெய் வட்டம். கம்பளி துவைக்கப்படுகிறது என்று மேனேஜர் சத்தியம் செய்தார், எந்த மாதம் என்று கேட்க மறந்துவிட்டேன். கதவுக்கு மேலே ‘அவசர வழி’ என்று பச்சை விளக்கு, அணைக்க முடியாது, அணைக்கவும் கூடாது, ஆனால் மேல் கட்டிலில் படுத்தால் அது சரியாக மூக்குக்கு நேரே. கதவின் அடியில் இரண்டு விரல் சந்து, வெளியே யார் நடந்தாலும் காரிடார் சென்சார் எரிந்து ஒரு வெள்ளைக் கோடு உள்ளே வந்து கட்டிலில் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே அலாரம். கீழ்க் கட்டிலில் படுக்கும் சிஏ படிக்கும் தம்பி சேவல் கூவுகிற மாதிரி அலாரம் வைத்திருந்தான். என் இருபது நிமிஷத்தின் எட்டாவது நிமிஷத்தில் சேவல் கூவும், தம்பி எழமாட்டான், நான் எழுந்து தம்பியை எழுப்பிவிட்டு வேலைக்குப் போவேன். “சாரிக்கா” என்பான். நல்ல பையன். இந்த அறைக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு ஒன்று, அதுவும் கண் காது இரண்டையும் நீங்களே அடைத்துக்கொண்டு போனால்.

குட்டித் தூக்கமே மோசம் என்று சொல்ல வரவில்லை. நாசா விமானிகளை வைத்து நடத்திய பரிசோதனையில், 40 நிமிஷம் ஓய்வு கொடுத்தபோது அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிஷம், அதற்கே பிறகு வந்த மணி நேரங்களில் நல்ல விழிப்பு இருந்திருக்கிறது. நம் பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிஷம். ஆக ஒரு நாழிகை சரியான அளவுதான். அதைத் தாண்டி முக்கால் மணி, ஒரு மணி என்று போனால் ஆழ்ந்த தூக்கத்தில் போய் விழுவோம், பாதியில் எழுப்பினால் அரை மணி நேரத்துக்கு வாயில் வார்த்தை வராது. பிரச்சினை என்னவென்றால் நாழிகைத் தூக்கம் ராத்திரித் தூக்கத்துக்கு மேலே போடும் மோர் மாதிரி. அடியில் சோறு வேண்டும்.

எனக்கு அடியில் சோறு இல்லை. ஆனால் தெரியவில்லை, அதுதான் விஷயமே. பதினேழு நாள் அந்த அட்டவணையில் இருந்தேன், நன்றாகவே இருப்பதாக நினைத்தேன், ‘மூன்றாம் வாரத்தில் பழகிவிடும்’ என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டுகூட இருந்தேன். பதினேழாம் நாள் விடியற்காலை, 50 நிமிஷ உயிரியல் வகுப்பு ஒன்று, பேச்சுக்கும் எழுத்துக்கும் கொஞ்சம் இடைவெளி விழுகிறது என்று மொத்தச் சப்டைட்டிலையும் இரண்டு நொடி தள்ளினேன். முன்னால் தள்ள வேண்டியதைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். சரிபார்க்க ஓட்டியும் பார்த்தேன், கண் பார்த்தது, மண்டைக்குப் போகவில்லை. அனுப்பிவிட்டேன். ஆசிரியர் இதயத்தைக் காட்டும்போது கீழே நுரையீரல் ஓடியிருக்கிறது. கிளையன்ட் திட்டவில்லை, ‘நீங்கள் நலமா?’ என்று கேட்டு மெயில் போட்டார்கள், அது திட்டைவிட மோசம். முழுவதையும் இலவசமாகத் திருப்பிச் செய்து கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் என் நோட்டைப் புரட்டினேன். சொந்தமாக வேலை பார்ப்பவள் என்பதால் மணிக்கு எத்தனை நிமிஷ வீடியோ முடித்தேன், எத்தனை திருத்தம் திரும்பி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுவேன். ஆகஸ்டில் வேலை செய்த நேரம் கூடியிருக்கிறது, முடித்த வீடியோ ஜூலையைவிடக் கூடவில்லை, திருத்தம் இரண்டு மடங்குக்கு மேல். 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்றில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு ராத்திரி வரை கண்ணே மூடாதவர்கள் அளவுக்கு இறங்கியிருக்கிறது. அவர்களிடம் தூக்கம் வருகிறதா என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்றிருக்கிறார்கள். ஆபீஸ் என்றால் பக்கத்து சீட்டுக்காரி “என்னடி முகம் இப்படி இருக்கு” என்று கேட்பாள், டீம் லீட் கண்டுபிடிப்பான். எனக்கு மேலதிகாரி நான்தான், அவளும் அரைத் தூக்கத்தில்.

இன்னொன்றும் உறுத்தியது, வயது. 1938-ல் கிளைட்மன் என்ற தூக்க விஞ்ஞானி அமெரிக்காவில் கென்டக்கியில் உள்ள மாமத் குகைக்குள் ஒரு மாணவரோடு இறங்கி, 32 நாள், நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்து வாழ்ந்து பார்த்தார். சூரியன் இல்லை, சத்தம் இல்லை, கீரைக்காரம்மாவும் இல்லை. இளைஞரான மாணவருக்கு ஓரளவு பழகிவிட்டது, நாற்பதைத் தாண்டிய கிளைட்மனுக்குக் கடைசி வரை படியவில்லை. சேவல் அலாரம் தம்பிக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு முப்பத்தெட்டு. அவனைப் பார்த்து நான் என் அட்டவணையைப் போட்டிருக்கக் கூடாது.

செப்டம்பரிலிருந்து இன்று வரை மூன்றாவது விதம், அதுதான் நிலைத்தது. இரண்டே துண்டு. ஏழரைக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கு மகளோடு சேர்ந்து படுத்துவிடுவேன், பதினொன்றரைக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு கிளம்பினால் பன்னிரண்டுக்கு முன் மேசையில். காலையில் பள்ளி வேன் போனதும் எட்டேமுக்காலுக்கு அடுத்த துண்டு, பன்னிரண்டு வரை. கூட்டினால் ஆறே முக்கால் மணி நேரம். நான் முதலில் ஆறரை மணிக்கே படுக்கலாம் என்றுதான் பார்த்தேன், விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கையா என்று மாமியார் போட்ட சத்தத்தில் அந்தத் திட்டம் அன்றே முடிந்தது. நல்லதுதான், அந்த நேரத்தில் படுத்தாலும் எனக்குக் கண் சொருகுவதில்லை.

ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ‘முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம்’ என்று பிரித்துத் தூங்கினார்கள், 1990களில் ஒரு ஆராய்ச்சியில் தினமும் 14 மணி நேரம் இருட்டில் வைத்துப் பார்த்தபோதுகூட ஆட்களின் தூக்கம் தானாக இரண்டாகப் பிரிந்தது என்று படித்துவிட்டு என் அட்டவணைக்குச் சரித்திரமே சாட்சி என்று சொல்ல ஆசையாக இருந்தது. நேர்மையாகச் சொன்னால் சாட்சி இல்லை. அவர்களுக்கு நடுவில் இருந்த விழிப்பு ஒரு மணி, இரண்டு மணி, அதுவும் இருட்டில் சும்மா படுத்துக்கொண்டு. எனக்கு நடுவில் ஒன்பது மணி நேரம், ஒரு ஷிஃப்ட், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ஜடை பின்னல். பழகியது அவ்வளவுதான், இயற்கை என்று பெயர் சூட்டமாட்டேன்.

இதில் இந்த இடம் செய்த உதவி எது தெரியுமா? நான் முதல் மாதம் புகார் எழுதிக் கொடுத்த அதே விஷயம். காலை சரியாக 6 மணிக்கு நைட் பாஸ்காரர்களின் வைஃபை அறுந்துவிடும். எச்சரிக்கை கிடையாது, ஒரு நிமிஷம் கூடக் கிடையாது, ஃபைல் 90 சதவீதம் ஏறியிருந்தாலும் அறுந்துவிடும். ஜூலையில் அப்படி ஒரு ஃபைல் போய், மேனேஜரிடம் சண்டைக்கே நின்றேன். இப்போது யோசித்தால், வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்த இரண்டு வருஷமும் என் வேலைக்கு முடிவு என்று ஒன்றே இருந்ததில்லை. இன்னும் பத்து நிமிஷம், இன்னும் ஒரு வீடியோ, பால் பொங்கும்போதுகூட ஒரு காதில் ஹெட்போன். இப்போது ஐந்தே முக்காலுக்கே கை தானாக மூட்டை கட்டுகிறது. கடைசி டீ இரண்டு மணிக்கு, அதற்குப் பிறகு குடித்தால் காலையில் படுக்கும்போதும் பாதி உடம்பில் நிற்கும், காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். செப்டம்பருக்குப் பிறகு நோட்டில் திருத்தங்கள் பழைய நிலைக்கும் கீழே இறங்கிவிட்டன. வேலை நேரம் குறைந்திருக்கிறது, வருமானம் குறையவில்லை. கூடவும் இல்லை, பொய் சொல்லக் கூடாது.

இன்னொரு உதவி நீல நாடா. பாஸோடு அந்த நாடாவில் கோத்து ஒரு ஐடி கார்டு தருகிறார்கள், போட்டோவில் நான் திருடி மாதிரி இருப்பேன். அதைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைப்பது வழக்கம். செப்டம்பர் நடுவில் ஒரு நாள் காலை, இரண்டாம் துண்டில் பாதிக் கண் மூடியிருக்கும்போது வாசலில் மாமியார் குரல் கேட்டது: “மெதுவா கூவும்மா, மருமக நைட் டியூட்டி பாத்துட்டு வந்து படுத்திருக்கா.” கீரைக்காரம்மா அன்றிலிருந்து எங்கள் வாசலில் மட்டும் கூவாமல் கதவைத் தட்டுகிறார். இரண்டு வருஷம் நான் அதே வேலையைத்தான் அதே நேரத்தில் செய்தேன். ஆனால் வாசல்படி தாண்டிப் போய்விட்டு வந்தால்தான் அது டியூட்டி. கோபப்படவா சிரிக்கவா என்று தெரியாமல் தூங்கிப்போனேன்.

குறைகள் இன்னும் இரண்டு. மழை. வேளச்சேரியைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், நவம்பரில் நாலு நாள் அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர், ஸ்கூட்டியை வெளியே எடுக்க முடியவில்லை. அந்த நாலு நாளைப் பாஸில் நீட்டித் தருவீர்களா என்றால், ‘நாங்கள் திறந்துதானே வைத்திருந்தோம்’ என்று பதில். திறந்துதான் வைத்திருந்தார்கள், படகு விடவில்லை. இரண்டாவது, சாப்பாடு. 2019-லேயே பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழ்நாட்டில் அரசாணை வந்துவிட்டது, ஆனால் நமக்கு வேண்டிய தள்ளுவண்டிக்கும் டீக்கடைக்கும் ஏது பத்துப் பேர்? அந்தத் தெருவில் பதினொன்றரைக்கு மேல் ஒரு பன்கூடக் கிடைக்காது. மெஷின் டீ வெந்நீரும் சர்க்கரையும். ஃபிளாஸ்க்கும் இரண்டு சப்பாத்தியும் எடுத்துப் போங்கள். மூன்று மணி வாக்கில் சைக்கிளில் டீ கேன் வைத்து ஒருவர் வருவார், அவர் சுக்கு காபி வாட்ச்மேன் அண்ணனுக்கு உயிர், எனக்கும் ஆகிவிட்டது.

பெண்கள் கேட்பார்கள் என்பதால்: போக வர வண்டி உங்கள் பொறுப்பு. கம்பெனி என்றால் ராத்திரி வேலைக்குப் பெண்களுக்கு கேப் கொடுக்க வேண்டும். என் கம்பெனியின் முதலாளி நான்தான், அவளிடம் கேப் கேட்டால் பெட்ரோல் விலையைச் சொல்வாள். எனக்கு இரண்டு கிலோமீட்டர், முழுக்க விளக்கு எரியும் ரோடு, கிளம்பும்போதும் சேரும்போதும் கணவருக்கு ஒரு மெசேஜ், அதனால் சமாளிக்கிறேன். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் நான் போயிருக்கமாட்டேன். ஹாலில் கேமரா இருக்கிறது, கூட இருப்பவர்கள் தொந்தரவு இல்லாதவர்கள்: அமெரிக்கப் பங்குச்சந்தை மூடும் வரை பெருமூச்சு விடும் ஒருவர், மெடிக்கல் கோடிங் செய்யும் இரண்டு பெண்கள், சிஏ தம்பி, அப்புறம் என்ன வேலை என்று இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பெரியவர், தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிறார்.

தூக்க அறைக்காக இந்தப் பாஸை வாங்காதீர்கள், அது ஏமாற்றம். வீட்டில் தனி அறையும், பகலில் நீங்கள் தூங்குவதை வேலையின் பகுதியாக மதிக்கிற ஆட்களும் இருந்தால் பாஸே வேண்டாம், அந்தப் பணத்துக்குக் கனமான திரைச்சீலை தைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு மாதம் பாருங்கள். நான் மார்ச் வரை புதுப்பித்திருக்கிறேன், அமெரிக்காவில் மறுபடி முள்ளைத் திருகிய பிறகு யோசிக்க வேண்டும். போகிறவர்கள் சால்வை, காதடைப்பு, சொந்தத் தலையணை உறை எடுத்துப் போங்கள். இரண்டாம் மாடியில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்து சீட்டை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள், அங்கே ஏசி காற்று பட்டு ஒரு காலண்டர் ஆடிக்கொண்டே இருக்கும், சென்சார் அதை ஆள் என்று நினைத்து விளக்கை அணைப்பதில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.